கறியை மறைக்காதீர்கள்
கப்பலூர் சாலையோர பர்கர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து திருமங்கலம் வரை சாலையோரத்தில் பர்கர் கடை போட்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



தியாகராஜர் மில்லில் ஷிப்ட் விட்டு வருகிறவர்களும், சிட்கோ பட்டறைகளில் வேலை முடிந்து கிளம்புகிறவர்களும், கன்னியாகுமரிப் பக்கம் போகிற கார்க்காரர்களும் பசியோடு வந்து நிற்கிற சாலை இது. பொழுது சாய்ந்தால் இங்கே பரோட்டாக் கல் சூடாகும், வடைச்சட்டி அடுப்பில் ஏறும். இப்போது அவற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் பன் வாட்டுகிறீர்கள். ஊர்ப் பிள்ளைகள் கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு கடை போட்டு நிமிர்வதைப் பார்க்க மனசு நிறைகிறது. அதனால்தான் வாங்கித் தின்றோமா, போனோமா என்று இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பர்கர் செய்வதைக் கடைமுன் நிற்கிற எல்லோருமே பார்க்கிறோம். பாக்கெட்டைக் கிழிக்கிறீர்கள். ரஸ்க் தூள் பூசி, கல்லாய் உறைந்துபோன பேட்டியை எடுத்து அப்படியே எண்ணெயில் போடுகிறீர்கள். சிவந்ததும் பன்னுக்குள் வைத்து, மேலே மயோனைஸ், கீழே மயோனைஸ், நடுவில் தக்காளி சாஸ். கடித்தால் மொறுமொறுப்பு தெரிகிறது, சாஸின் இனிப்பு தெரிகிறது. கறி தெரியவில்லை. வேறு எந்த ஊரிலாவது இப்படி நடந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு வாய் வைத்ததுமே ஆடு இளசா முற்றலா என்று சொல்லிவிடுகிற சனங்கள் இருக்கிற பகுதியில் இது நடக்கிறது.

நாம் யார் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிப் போனவர்கள்தான் முனியாண்டி விலாஸ் என்ற பெயரைத் தமிழ்நாட்டுச் சாலைகளெங்கும் கொண்டுபோனார்கள். 1937-இல் சுப்பா நாயுடு காரைக்குடியில் தொடங்கிய முதல் கடையிலிருந்து வளர்ந்த பெயர் அது. இன்றைக்கும் அந்தக் கடைக்காரர்கள் வருசா வருசம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டி, விடிய விடிய அண்டா அண்டாவாக பிரியாணி ஆக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சாலையில் போகிறவனுக்கு நல்ல கறி போட்டுப் பிழைக்கலாம் என்பதை நம் மண் எப்போதோ செய்து காட்டிவிட்டது. நீங்களும் அதே சாலையில்தான் நிற்கிறீர்கள்.

பர்கருக்கு மாட்டுக்கறிதான், ஆட்டுக்கறி சரிப்படாது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1996 அக்டோபரில் தில்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது, மாட்டுக்கறி இல்லாத பட்டியலோடுதான் திறந்தது. அதன் மஹாராஜா மேக் முதலில் ஆட்டுக்கறி பேட்டி வைத்து விற்ற பர்கர்தான். பிற்பாடு கோழிக்கு மாறியது. அவ்வளவு பெரிய நிறுவனம் தொடங்கிய இடத்தில் நாம் தொடங்கக் கூடாதா? அதுவும் வெள்ளாட்டுக் கறியை நம்மைப் போல் அறிந்தவர்கள் யார்?

ஆனால் வெள்ளாட்டுக் கறியில் ஒரு சங்கடம் உண்டு. அதில் கொழுப்பு ரொம்பக் குறைவு. வெறும் சதையாக எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்குதான் தேறும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு சதைக்குள் படராது. குடலைச் சுற்றியும் குண்டிக்காயைச் சுற்றியும்தான் தங்கும். பர்கர் பிறந்த அமெரிக்காவில் 80 பங்கு சதைக்கு 20 பங்கு கொழுப்பு என்பது பழகிப்போன கணக்கு. அதை வைத்துக்கொண்டு நம் கறியைப் பார்த்தால் தொடைக்கறி மட்டும் கொத்தி வாங்குவது ஏன் தோற்கிறது என்று புரியும்: கல்லில் போட்ட இரண்டாவது நிமிடம் வறண்டு, மென்றால் சக்கையாகிவிடும். ஆகவே கறிக்கடையில் முன்சப்பைக் கறியும் நெஞ்சுக் கறியும் கேளுங்கள். கிலோவுக்கு 200 கிராம் கொழுப்பைத் தனியாக வாங்கிச் சேருங்கள். கொழுப்பு கூடாது என்று ஒதுக்குகிற வீட்டுப் பழக்கம் குழம்புக்குச் சரி, இதற்கு உதவாது. செம்மறி கிடைத்தால் அதில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம்.

கொத்துவதற்கு முன்பு இன்னொன்று. நம் வீடுகளில் கொத்துக்கறியை வாங்கி வந்து, தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுப்பார்கள். பேட்டிக்கு அதைச் செய்யவே கூடாது. அலசிய கொத்துக்கறி பிழிந்த பிறகும் தண்ணீர் குடித்தே இருக்கும், கல்லில் போட்டால் வறுபடாமல் வேகும். கழுவியே ஆக வேண்டுமென்றால் துண்டாக இருக்கும்போதே கழுவி, வடியவிட்டு, சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். அரைமணி நேரம் குளிரில் வைத்து, அதன் பிறகு கொத்துங்கள். சில்லென்றிருக்கும் கொழுப்பு மணி மணியாக நிற்கும். இளகிப்போன கொழுப்போ கறி முழுக்கப் பூசிக்கொண்டு, சூடு பட்டதும் மொத்தமாக ஓடிவிடும். மிஷினில் அரைத்தால் பெரிய கண் உள்ள தட்டில் ஒரே ஓட்டம் போதும். கத்தியால் கொத்தத் தெரிந்த கறிக்கடைக்காரர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கொத்தில் வருகிற பேட்டி வேறு எதிலும் வராது.

இந்த இடத்தில் நம் கைப்பழக்கமே நமக்கு எதிராக வரும். கொத்துக்கறியைப் பார்த்ததும் மதுரைக்காரன் கை கோலா உருண்டைக்குத்தான் போகும். சோம்பு, கசகசா, தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு நைசாக அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து இறுக்கிப் பிசைந்து உருட்டிவிடும். கோலாவுக்கு அந்த இறுக்கம் தேவை, இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். கோலாவைவிட உயர்ந்த கறிப் பலகாரம் இந்த ஊரில் இல்லை என்று சொல்வேன். ஆனாலும் அதைத் தட்டையாக்கிப் பன்னுக்குள் வைத்தால் பர்கர் ஆகாது. பன் மாவு, அதற்குள் இருக்கிற கோலாவிலும் மாவு, வாய் அடைத்துப்போகும். பேட்டிக்கு வேண்டியது கறியும் கொழுப்பும் மட்டும். முட்டை, ரஸ்க் தூள், சோளமாவு எதுவும் வேண்டாம்.

உப்பையும் முன்கூட்டிப் போடாதீர்கள். உப்பு பட்ட கறியைப் பிசையப் பிசைய, அதிலிருக்கிற மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகிவிடும். அந்தப் பசை வெந்ததும் இறுகி, பேட்டி ரப்பராகத் துள்ளும். உருண்டையை அழுத்தாமல் லேசாகச் சேர்த்துப் பிடித்து வையுங்கள், அவ்வளவே. கல்லில் போட்ட பிறகு மேலாக உப்பும் புதிதாய் இடித்த மிளகும் தூவுங்கள். கொஞ்சம் வறுத்த சீரகத் தூள் சேர்த்தால் நம் சுக்கா வறுவலின் வாசனை வந்து நிற்கும். அதற்கு மேல் மசாலா வேண்டியதில்லை. கரம் மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் பழைய கறியின் நாற்றத்தை மறைக்க உதவும். அன்றைக்கு வெட்டிய கறிக்கு அவை எதற்கு?

இனி கல். இதைத்தான் நான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கு வெளிநாட்டுக் கடைக்காரர்களை விடவும் வசதி இருக்கிறது. அங்கே பர்கருக்கென்று தேடிப்போய் வாங்குகிற கனத்த இரும்புத் தட்டு நம் ஒவ்வொரு பரோட்டாக் கடை வாசலிலும் கிடக்கிறது. மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் குளிர்ந்த கறி விழுந்ததும் சூடு இறங்கிவிடும். கனத்த இரும்பு தன் சூட்டை விடாது. 1921-இல் அமெரிக்காவின் விசிட்டா நகரில் தொடங்கி, பர்கரை ஊரறியச் செய்த ஒயிட் கேசில் கடைக்காரர்கள்கூட, கனத்த தட்டில் மெல்லியதாக அழுத்திச் சுட்ட கறியைத்தான் விற்றார்கள். சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை போடும் மாஸ்டரின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோசை மேல் முட்டை, அதன் மேல் கறி, திருப்பிப் போட்டு ஒரு அழுத்து. எந்த நொடியில் திருப்புவது, எவ்வளவு அழுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கைதான் பர்கருக்கும் தேவை.

கல் காய்ந்து லேசாகப் புகை கிளம்பட்டும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். உருண்டையைப் போட்டதும், அதன் மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்து, சட்டுவத்தால் ஓங்கி அழுத்துங்கள். பன்னைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக விரியட்டும், வெந்ததும் சுருங்கிச் சரியாக வந்துவிடும். இந்த அழுத்தம் முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதுவரை கொழுப்பு உருகியிருக்காது, எதுவும் நட்டமாகாது. அதற்குப் பிறகு அழுத்துகிற ஒவ்வொரு அழுத்துக்கும் சாறு கல்லில் ஓடும். சுர்ரென்று வருகிற சத்தத்துக்காகவே சிலர் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அது வாடிக்கையாளர் வாய்க்குப் போக வேண்டிய ருசி கல்லில் எரிகிற சத்தம், தம்பி.

கறி செந்நிறமாக முறுகுவதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் இருக்கிற வரை அந்தச் சூடு எட்டாது, தண்ணீரின் கொதிநிலையிலேயே நின்றுவிடும். கறியை ஒற்றி எடுக்கச் சொன்னதும், கல் காய வேண்டும் என்பதும் இதற்காகத்தான். விளிம்பு பழுப்பாகி, மேற்பரப்பில் சிவந்த நீர் துளிர்த்ததும் சட்டுவத்தின் கூரான விளிம்பால் அடியோடு சுரண்டி எடுங்கள். கல்லில் ஒட்டிய முறுகல் பேட்டியோடு வந்துவிட வேண்டும், அதுதான் இந்தப் பண்டத்தின் உயிர். ஒரே ஒரு தடவை திருப்புங்கள். பக்கத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் போதும்.

உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கிற பர்கர் வீடியோக்களைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். முழுத்துண்டுக் கறியில் கிருமி மேலே மட்டும் இருக்கும், வாட்டினால் செத்துவிடும். கொத்தும்போது மேலிருந்தது உள்ளே போய்விடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளில் அரைகுறையாக வெந்த பர்கர் தின்று 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழியென்றால் 74. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெல்லியதாக அழுத்திச் சுட்ட பேட்டி இந்தச் சூட்டைத் தாண்டியும் சாறோடு இருக்கும். கனத்த பேட்டிதான் உங்களைச் சங்கடத்தில் மாட்டும்.

சுட்டு அடுக்கி வைத்து விற்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் சீக்கிரம் உறைந்து அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். கேட்ட பிறகு போடுங்கள். ஐந்து நிமிடம் காத்திருக்க நம் ஆட்களுக்குத் தெரியும், கறி தோசைக்கு இதைவிட அதிக நேரம் நிற்கிறார்கள்.

பன்னைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பன் பட்டர் ஜாம் தின்று வளர்ந்த ஊருக்குப் பன் வாட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை. பேக்கரியில் சீனியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். உட்புறத்தை வெண்ணெய் தடவி, கறி சுட்ட அதே கல்லில் வாட்டுங்கள். வாட்டாத பன் சாற்றில் ஊறிக் கையிலேயே கிழிந்துவிடும்.

இனி பேட்டிக்கு மேல் என்ன வைப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்தம், அதில் சண்டையில்லை. ஆனாலும் மேலே வைக்கிற எதுவும் கொழுப்பை அறுக்கிற வேலையையோ, கறியைத் தூக்கிக் காட்டுகிற வேலையையோ செய்ய வேண்டும். இரண்டும் செய்யாததற்குப் பன்னுக்குள் இடம் கிடையாது.

எனக்குப் பிடித்தது சின்ன வெங்காயம். அதுவும் கறியோடு சேர்த்தே அழுத்தியது. 1920-களில் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ என்ற ரயில்வே ஊரில், கையில் காசில்லாத தொழிலாளிகளுக்கு விற்பதற்காகக் கொஞ்சக் கறியில் கைநிறைய வெங்காயத்தை அழுத்திச் சுட்டார்கள். வறுமைக்காகச் செய்தது ருசிக்காக நிலைத்துவிட்டது. இங்கே மட்டன் கிலோ 800 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 80 கிராம் பேட்டி என்றால் கறிக்கு மட்டுமே 64 ரூபாய் ஆகிவிடும், ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அது கட்டாது. 60 கிராம் கறி எடுத்து, அதற்குச் சமமாகச் சின்ன வெங்காயத்தை இழை இழையாக அரிந்து உருண்டை மேல் குவித்து அழுத்துங்கள். கறிச்செலவு 48 ரூபாய்க்கு வந்துவிடும். வெங்காயம் ஆட்டுக் கொழுப்பில் வதங்கி விளிம்பில் கருகும்போது எழுகிற வாசனை சுங்கச்சாவடியில் நிற்கிற வண்டி வரைக்கும் போகும். உங்களுக்கு வேறு விளம்பரப் பலகை வேண்டாம்.

லெட்யூஸ் இலையை விடுங்கள். நம் வெயிலில் மதியத்துக்குள் துவண்டுவிடுகிறது, ருசியும் கிடையாது. மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸைக் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் விட்டுப் பிசறினால் மொறுமொறுப்பு ராத்திரி வரை நிற்கும். தக்காளி நாட்டுத் தக்காளியாக இருக்கட்டும். பெங்களூர்த் தக்காளி வட்டம் பார்வைக்கு அழகு, புளிப்பு போதாது. பாட்டிலில் வருகிற வினிகர் வெள்ளரிக்குப் பதிலாக, கோடையில் நம் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கிற வெள்ளரிப்பிஞ்சை வட்டமாக அரிந்து வினிகர், உப்பு, கீறிய பச்சை மிளகாயில் காலையில் ஊறப் போடுங்கள். சாயங்காலத்துக்குத் தயாராகிவிடும். விலை கொடுத்து வாங்குவதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

சீஸ் ஒரு துண்டு போதும். திருப்பிப் போட்டதும் மேலே வைத்து மூடினால் உருகிக் கறியைக் கவ்விக்கொள்ளும். முட்டை கேட்கிறவர்களுக்கு ஆம்லெட்டை மடித்து வையுங்கள். மிளகுத்தூள் தூவிய மதுரை ஆம்லெட் கறியோடு நன்றாகவே சேரும்.

மயோனைஸ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைத் தயாரிக்கவோ, வைத்திருக்கவோ, விற்கவோ கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. காரணம் சால்மோனெல்லா, ஈகோலி போன்ற கிருமிகள். சித்திரை வெயிலில் தள்ளுவண்டி மேல் திறந்து வைத்த டப்பாவில் அவை எப்படிப் பெருகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அரசு ஆணை எந்தத் தேதி வரை என்று பார்த்து நடக்கிற விஷயமல்ல இது. உங்களிடம் வாங்கித் தின்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. கெட்டித்தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அந்தத் தயிரில் நசுக்கிய பூண்டு, புதினா, பச்சை மிளகாய், உப்பு சேர்த்துக் கலந்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆட்டுக்கறிக்குப் புளிப்பும் புதினாவும் எவ்வளவு பொருந்தும் என்பது பிரியாணியோடு தயிர் வெங்காயம் தின்கிற எல்லோருக்கும் தெரிந்ததே. அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

கறி தின்னாதவர்களுக்கு உருளைக்கிழங்கு பேட்டி மட்டும்தான் என்று வைத்திருக்கிறீர்கள். நம் ஊர் வாழைப்பூவை யோசியுங்கள். கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, மோரில் போட்டு எடுத்த வாழைப்பூவை அரிந்து சேர்த்து, சோம்பு போட்டுத் தட்டிக் கல்லில் சுட்டெடுத்தால் அதற்கு நிகரான சைவ பர்கர் எந்தப் பெரிய கடையிலும் கிடையாது. எண்ணெயில் பொரிக்க வேண்டுமென்றால் பொரியுங்கள், ஆனால் நேற்றைய எண்ணெயில் வேண்டாம். கருத்து நுரைக்கிற எண்ணெய் எந்தப் பேட்டியையும் கெடுத்துவிடும்.

பாக்கெட் பேட்டியை நாளைக்கே தூக்கி எறியச் சொல்லவில்லை. உங்களுக்குக் கடன் இருக்கிறது, வட்டி இருக்கிறது, தெரிந்த வியாபாரத்தை விட்டுவிட்டு இறங்கப் பயம் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும், ஒரே ஒரு கிலோ கறி கொத்தி வாங்குங்கள். கொழுப்பும் வெங்காயமும் சேர்த்துப் பார்த்தால் 20 பர்கர் தாராளமாக வரும். கரும்பலகையில் ‘இன்று ஆட்டுக்கறி பர்கர்’ என்று எழுதி வையுங்கள். வாங்குகிறவர்களிடம் மயோனைஸ் வேண்டுமா என்று கேட்காமல், முதல் வாயைக் கறியோடு தின்னச் சொல்லுங்கள். 20-உம் விற்றுத் தீர்ந்தால் அடுத்த ஞாயிறு இரண்டு கிலோ வாங்குங்கள்.

அன்புடன்,
திருமங்கலம் சாலையில் உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்